மூன்றாம் நாள் வெந்தயம்

ஹாஜி துஹாமியின் கடைக்கு வருகிறவர்கள், கலவைக்குள் என்னென்ன சேர்த்தீர்கள் என்று கேட்பதில்லை. கேட்டால் அது அவரை அவமதிப்பதாகும். சுவர் முழுக்க அடுக்கியிருக்கும் சிறு இழுப்பறைகளிலிருந்து இங்கே ஒரு சிட்டிகை, அங்கே ஒரு விரற்கடை என்று அவர் எடுத்துச் சேர்ப்பார். ராஸ் எல் ஹனூத், அதாவது கடைக்கே தலையான சரக்கு, வீட்டுக்கு வீடு வேறு வேறு விதமாகப் பொட்டலமாகும். பெருநாள் ஆட்டிறைச்சியைத் திராட்சையும் தேனும் விட்டு வேகவைப்பவருக்கு ஒன்று. குளிர்காலத்தில் நத்தைச் சாறு காய்ச்சி விற்பவனுக்கு ஒன்று. பிள்ளை பெற்றவளின் பச்சை உடம்பைச் சூடேற்ற ஒன்று. வாங்குகிறவர் முகர்ந்து பார்ப்பார், தலையை அசைப்பார், போய்விடுவார்.

இந்த மரியாதையெல்லாம், ஊரார் 'லல்லா' என்று மதித்து அழைக்கும் பத்தூலிடம் செல்லாது. மருமகள் இத்தோவுக்கு மாதம் நெருங்கியபோது, அவள் கடை வாசலில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு சரக்காக எடுத்துக் காட்டச் சொன்னாள்.

"சுக்கு காட்டுங்க. இது போன வருஷத்துச் சுக்கு ஹாஜி."

"லல்லா பத்தூல், இந்தச் சுக்குக்குப் பேச வாய் இருந்தா உங்க மேல வழக்குப் போடும்."

"திப்பிலி? சாதிக்காய்? ரோஜா மொட்டு மூணு போதும், அத்தர் வியாபாரமா பண்ணப் போறேன்? இருபத்தேழு சரக்கு கணக்கா வந்தாகணும்."

"உங்க மகன் அல்லால் பிறந்தப்ப இருபத்தொண்ணுதானே வாங்கிட்டுப் போனீங்க?"

"அப்ப என் மாமியார் உயிரோட இருந்தாங்க. மீதி ஆறு காரத்தையும் அவங்க வாயிலயே வச்சிருந்தாங்க."

ஹாஜி துஹாமி சிரித்த சிரிப்பில், கரண்டியிலிருந்த மஞ்சள் மடியில் கொட்டியது. கடைசியாக வெந்தயத்தைக் காட்டினார். அது கலவையோடு அரைபடுவதில்லை. தனியே ஊறவைத்துக் குழம்பில் சேர்க்க வேண்டியது. ஒரு பிடி போதும் என்றார் அவர். இரண்டு பிடி வேண்டும் என்றாள் பத்தூல்.

"மலைநாட்டுப் பொண்ணு ஹாஜி. கிள்ளி எடுக்கச் சதை கிடையாது. பால் ஊறணுமே."

இத்தோவுக்குத் தாய் இல்லை. அட்லஸ் மலையின் ஆட்டுப்பட்டிகளுக்கு நடுவே வளர்ந்தவள், பேருந்து ஓட்டுகிற அல்லாலைக் கட்டிக்கொண்டு, கழுதை ஒன்று வந்தால் மனிதர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டிய ஃபெஸ் நகரத்துச் சந்துக்குள் வந்து சேர்ந்தாள். தாய்வீட்டார் செய்ய வேண்டியவை அனைத்தும் பத்தூலின் தலையில் விழுந்தன. அவள் அதைச் சுமையாக எண்ணவில்லை. மொட்டை மாடியில் வெள்ளைத் துணி விரித்து, மாமியாரும் மருமகளுமாக இரண்டு நாள் சரக்குகளைத் தூசு தட்டிக் காயவைத்தார்கள். வேலை சலிக்காமலிருக்கப் பத்தூல் ஒரு கதை சொன்னாள்.

"ஒரு காலத்துல சரக்கெல்லாம் சேர்ந்து ஒட்டகத்துல ஊர்வலம் போச்சாம். பட்டை, கிராம்பு, குங்குமப்பூ எல்லாம் முன்னாடி. வெந்தயத்தைப் பார்த்து, மாட்டுத் தீனி நீ, பின்னாடி நடந்து வான்னு சொல்லிடுச்சாம். வழியில ஒரு வீடு பூட்டிக் கிடந்துச்சு. பட்டை தட்டிச்சு, வாசனையா. கதவு திறக்கலை. மிளகு தட்டிச்சு, அதட்டலா. திறக்கலை. கடைசியா வெந்தயம் போய், அம்மா உள்ளே பிள்ளை அழுறது கேக்குதே, பசியான்னு கேட்டுச்சாம். உடனே கதவு திறந்துச்சு."

"எங்க ஊர்ல அதை ஆட்டுக்குத்தான் லல்லா போடுவோம்," என்றாள் இத்தோ, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி. "அப்ப நானும் ஆடா?"

"ஆடுன்னா என்ன, குட்டிக்குப் பால் இருந்தா சரி."

வலி கண்ட அன்று மாலையே பத்தூல் வெந்தயத்தை ஊறப்போட்டாள். குழந்தை பிறந்த மூன்றாம் நாள் சமைக்கும் ரஃபீஸாவுக்கு அது நன்றாக ஊதிப் பருத்திருக்க வேண்டும். அடுக்கு ரொட்டியைப் பிய்த்துப் பரப்பி, நாட்டுக்கோழியும் பருப்பும் வெந்தயமும் அந்த இருபத்தேழு சரக்கும் சேர்ந்து கொதித்த குழம்பை அதன்மேல் ஊற்றி, சந்திலுள்ள பெண்கள் அத்தனை பேரும் பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து உண்ண வேண்டும். பிள்ளை பெற்றவளுக்குக் கோழியின் நெஞ்சுக்கறி. அப்புறம் குலவை.

விடியற்காலையில் பெண் குழந்தை பிறந்தது. மருத்துவச்சி அதைக் குப்புறப் போட்டு முதுகைத் தேய்த்தாள். அது ஒருமுறை பூனைக்குட்டி போல முனகியது. பகல் தொழுகைக்கான அழைப்பு கேட்டபோது மூச்சு நின்றுபோயிருந்தது. அல்லால் வெள்ளைத் துணியில் சுற்றிய மகளை இரு கைகளில் ஏந்திக்கொண்டு, நாலு ஆண்களோடு நகரத்து மதிலுக்கு வெளியே போனான். மாலையில் வெறும் கையோடு திரும்பினான். பெயர் வைக்க ஏழாம் நாள் வர வேண்டுமே; அதுவரை அது தங்கவில்லை. ஆகவே அதைப் பற்றிப் பேச யாருக்கும் ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. மறுநாள் அவன் வெளியூர்ப் பேருந்துக்குப் போய்விட்டான்; திரும்பப் பத்து நாளாகும். வண்டி ஓட்டும்போது முன்னால் பார்த்தாக வேண்டும். அது அவனுக்கு ஆறுதலாக இருந்ததோ என்னவோ.

இரண்டு நாள் இத்தோ எதையும் வாயில் வைக்கவில்லை. எதிர்வீட்டு ஷாமா கொண்டுவந்த கூஸ்கூஸ் ரவைச்சோறு கிண்ணத்தோடு ஆறிப்போயிற்று. பத்தூலின் மனம் முழுவதும் ஒரே இடத்தில் நின்றது. பிள்ளை போய்விட்டது, பெற்ற உடம்பு இருக்கிறதே, அது குளிர்ந்தால் இவளும் போய்விடுவாளே. இந்தப் பெண் எதையாவது சாப்பிட வேண்டும். வேறெதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை அவள் கோழியை அடுப்பிலேற்றினாள். கலவை ஜாடியைத் திறந்ததும் வீடு மணத்தது. ஒரு நல்ல காரியம் நடக்கும் வீடு போலவே மணத்தது. பருப்பைப் போட்டாள். மூலையில் மூடிவைத்திருந்த கிண்ணத்தைத் திறந்து பார்த்தாள். இரண்டு பிடி வெந்தயம் கிண்ணம் நிறையப் பெருகி, ஒவ்வொரு மணியும் வெள்ளை முளையை நீட்டியிருந்தது. சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குழம்பில் கவிழ்த்தாள்.

கரண்டியால் ஒருமுறை கிளறியிருப்பாள், ஷாமா வாசலில் செருப்பைக் கழற்றும் ஓசை கேட்டது.

"ரஃபீஸாவா பண்றே? யாருக்குடி விருந்து?"

"விருந்தும் இல்லை, ஒண்ணும் இல்லை. உடம்பு சூடாகணும்ல?"

"அது சரிதான்." ஷாமா குரலைத் தாழ்த்தினாள். அவள் குரலைத் தாழ்த்தினால் மூன்று வீடுகளுக்கு மட்டுமே கேட்கும். "வெந்தயத்தை மட்டும் விட்டுடு பத்தூல். பால் வந்து நின்னுச்சுன்னா குடிக்க யாரு இருக்கா?"

பத்தூலின் கரண்டி நின்றது. தனக்குத் தெரியாததை ஷாமா சொல்லவில்லை. தான் எண்ணிப் பார்க்க அஞ்சிய ஒன்றைச் சொல்லிவிட்டாள். பானையில் முளைவிட்ட மணிகள் மேலே வருவதும் அமிழ்வதுமாக இருந்தன. வீட்டிலிருந்தது ஒரே கோழி. உள்ளே கிடப்பவளோ மூன்று நாளாகப் பட்டினி.

"ம்," என்று தலையை ஆட்டினாள்.

அன்று பகல் தட்டைத் தானே தூக்கிக்கொண்டு இத்தோவின் அருகே போய் உட்கார்ந்தாள். பதினைந்து பேர் சுற்றி உட்கார வேண்டிய தட்டின் ஓரத்தில் ஒருத்திக்கு மட்டும் போதுமான உணவு.

"ஒரு வாய் மகளே. எனக்காக."

இத்தோ எழுந்து உட்கார்ந்தாள். முதல் வாயை மென்று சற்று நிறுத்தினாள். பத்தூலின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு ரொட்டி, பருப்பு, கறி, அடியில் தேங்கிய குழம்பு என அத்தனையையும் சாப்பிட்டு முடித்தாள். பத்தூல் அடுக்களைக்குப் போய் முகத்தை முக்காட்டால் மூடிக்கொண்டு, இறைவனுக்கு நன்றி சொன்னாள்.

மறுநாள் காலை இத்தோவின் மேலங்கி இடுப்புவரை நனைந்திருந்தது. அவள் சுவரில் சாய்ந்து, இரு கைகளையும் உடம்பில் படாமல் விலக்கி வைத்துக்கொண்டிருந்தாள், யாரோ தூக்கிக் கொடுக்கப்போகும் ஒன்றை வாங்கிக்கொள்பவள் போல. அறையெங்கும் பாலின் புளித்த வாடையும், அதன்மேல் வெந்தயத்தின் இனிப்பான மணமும்.

"லல்லா," என்றாள். "குழம்புல வெந்தயம் போட்டீங்களா?"

கேட்ட குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பத்தூல் உண்மையைச் சொல்லியிருப்பாள்.

"இல்லையே மகளே. நான் ஏன் போடப் போறேன்?"

இத்தோ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கொண்டுவந்த பாலையும் ரொட்டியையும் தொடவில்லை. கையைப் பிடித்தபோது கையை இழுத்துக்கொண்டாள். இந்த வீட்டுக்கு வந்த இரண்டு ஆண்டுகளில் அவள் அப்படிச் செய்தது அதுவே முதல் முறை.

பத்தூல் ஹாஜி துஹாமியின் கடைக்கு ஓடினாள். குழந்தை போன செய்தி அங்கே முன்னமே வந்திருந்தது. அவர் எழுந்து நின்று தலை தாழ்த்தினார். அவள் முக்காலியைத் தேடவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், ஷாமாவிடம் ஆட்டிய தலையையும் சேர்த்து.

"என் கையால பண்ணிட்டேன் ஹாஜி. அந்தப் பொண்ணு அழுது தீர்க்க வேண்டியதுக்கு மேல இன்னொரு அழுகையை நான் ஊட்டிவிட்டேன்."

"லல்லா, ஒண்ணு சொல்றேன், கேளுங்க. மூணாம் நாள் பால் தானா வரும். வெந்தயம் தின்னாலும் வரும், தின்னாட்டியும் வரும். உடம்பு செய்யுறதுல பாதிக்கு நாங்க கடைக்காரங்க பேர் வாங்கிக்கிறோம்."

"அப்ப வெந்தயம் ஒண்ணும் செய்யலையா?"

பொய் சொல்வது எளிதாக இருந்திருக்கும். அவர் இழுப்பறை ஒன்றைத் திறந்து மூடினார்.

"கூட்டியிருக்கும்," என்றார். "கொஞ்சம் கூட்டியிருக்கும்."

சாம்பல் பூத்த இலைகளை ஒரு தாளில் கட்டிக் கொடுத்தார். "ஸால்மியா. கொதிக்கிற தண்ணியில போட்டு மூணு வேளை குடிக்கச் சொல்லுங்க. பால் வத்திடும். தாமதம் பண்ணாதீங்க, கட்டிக்கிட்டா காய்ச்சல் வரும். வெந்நீர்த் துணியால ஒத்தி, கட்டாம வடிய விடுங்க." பொட்டலத்தை அவள் கையில் வைத்துவிட்டு விரலை எடுக்காமல் நின்றார். "நான் என்ன போட்டேன்னு சொல்லாமத்தான் நாற்பது வருஷமா விக்கிறேன். வாங்குறவங்க நம்புறாங்க, சாப்பிடுறாங்க. ஆனா ஒருத்தர் நேராக் கேட்டா நான் மறைச்சதில்லை. போய்ச் சொல்லிடுங்க."

அவள் வீட்டுக்கு வந்து, முக்காட்டைக்கூடக் களையாமல், இத்தோவின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

"போட்டேன் மகளே. ரெண்டு பிடி. ஊறிக் கிடந்துச்சு, கொட்ட மனசு வரலை. பொய் சொல்லிட்டேன்."

சுவரைப் பார்த்தபடியே இத்தோ சொன்னாள்: "தெரியும்."

"காலையிலயே தெரிஞ்சுதா?"

"முதல் வாயிலயே தெரிஞ்சுது லல்லா. ஆட்டுக்குக் கரைச்சு ஊத்தி ஊத்தி வளர்ந்தவ நான். அந்தக் கசப்பு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா தின்னே? ஏன்டி, ஏன்?"

இத்தோ மெல்லத் திரும்பினாள். "அவளுக்குன்னு இந்த உலகத்துல யாராவது ஏதாவது செஞ்சாங்கன்னா, அது நீங்க ஊறவச்ச அந்த வெந்தயம் ஒண்ணுதான். அதையும் குப்பையில கொட்டிட்டா? அதான் தின்னேன்." அவள் குரல் உடைந்தது. "காலையில நான் கேட்டப்ப, ஆமா போட்டேன்னு நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். இல்லைன்னுட்டீங்க. அவளே இல்லைன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு."

பத்தூல் மடியிலிருந்த பொட்டலத்தை எடுத்து வைத்தாள். இன்னது, இன்னதற்கு என்று சொன்னாள்.

"ஏழாம் நாள் வரைக்கும் வேண்டாம்," என்றாள் இத்தோ. "அன்னைக்குத்தானே பேர் வைப்பாங்க. அதுவரைக்கும் பால் இருக்கட்டும். அவ வந்துட்டுப் போனது இந்த வீட்ல இதுக்கு மட்டும்தான் தெரியுது."

காய்ச்சல் வரும் என்றாள் பத்தூல். வரட்டும் என்றாள் இத்தோ. இன்னும் மூன்று நாள்தானே என்றாள். பத்தூல் சரியென்று வாக்குக் கொடுத்தாள்.

அந்த மூன்று நாளும் பத்தூல் பழைய படுக்கை விரிப்புகளைச் சதுரமாகக் கிழித்து, வெந்நீரில் நனைத்துப் பிழிந்து ஒத்தினாள். நனைந்ததை எடுத்து மாற்றினாள். இத்தோ பல்லைக் கடித்துக்கொண்டாள்; ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மாடிக் கொடியில் துணிகள் வரிசையாகக் காய்ந்தன. சந்திலுள்ளவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, பேச்சை மாற்றினார்கள். நடந்ததெல்லாம் தெரிந்துவிட்ட ஷாமாவால் மட்டும் மாற்ற முடியவில்லை.

"பைத்தியமாடி உனக்கு? அவ சின்னப் பொண்ணு, ஏதோ சொல்றா. உனக்கு வயசாகலை?"

"வாக்குக் கொடுத்துட்டேன்."

"வாக்கை வச்சுக் காய்ச்சலை இறக்குவியா? போட வேண்டாததைப் போட்டே, போட வேண்டியதைப் போடமாட்டேங்கிறே."

ஆறாம் நாள் மாலை இத்தோவின் உடம்பு அனலாய்க் கொதித்தது. தேநீர் மட்டும் கேட்டாள். பத்தூல் தேநீர்ப் பாத்திரத்தில் புதினாவைத் திணித்தாள், சர்க்கரையை உடைத்துப் போட்டாள். பக்கத்தில் ஸால்மியாப் பொட்டலம். இத்தனை புதினாவுக்கும் இத்தனை சர்க்கரைக்கும் நடுவே நாலு இலை போனால் எவருக்குத் தெரியும்? நாளைக்குக் குடிக்கப்போவதுதானே, ஒரு பொழுது முன்னால். பெண் பிழைத்தால் போதாதா? பொட்டலத்தை அவிழ்த்துவிட்டாள். இலைகளை விரலிடுக்கில் எடுத்தும்விட்டாள். தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

இன்னொரு தடவை அந்தப் பெண் ஒரு வாய் குடித்துவிட்டுத் தன் முகத்தைப் பார்ப்பாள். அதன்பிறகு இந்த வீட்டில் அவளுக்கு எதைக் கொடுத்தாலும், எத்தனை ஆண்டு கழித்துக் கொடுத்தாலும், முதலில் முகர்ந்துதான் பார்ப்பாள். பத்தூல் இலைகளைத் தாளில் திரும்ப வைத்து முடிச்சிட்டாள். வெறும் புதினாத் தேநீரை ஊற்றிக்கொண்டு உள்ளே போனாள். இத்தோ குடித்தாள். பத்தூல் அவள் நெற்றியில் ஈரத்துணியை மாற்றியபடி, உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள்.

ஏழாம் நாள் காலையில் அந்த வீட்டில் பெயரிடும் விருந்துக்கு ஆடு அறுபடவில்லை. யாரும் வரவில்லை. இத்தோ கண்ணைத் திறந்து, மருந்தைக் கொண்டுவரச் சொன்னாள். பத்தூல் கண்ணாடிக் குவளையைக் கொண்டுவந்து வெளிச்சத்தில் காட்டினாள்.

"ஸால்மியா. கொதிக்கிற தண்ணி. ஒரு துண்டு சர்க்கரை. வேற ஒண்ணும் இல்லை."

இத்தோ குவளையைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டாள். ஆவி அவள் முகத்தில் பட்டது.

"ஹன்னூ," என்றாள். "எங்கம்மா பேரு. அதையே வச்சுட்டேன்."

"ஹன்னூ," என்றாள் பத்தூல். இன்னொரு முறையும் சொன்னாள், பெயரிடும் விருந்தில் எல்லாரும் கேட்கச் சொல்வதுபோலச் சற்று உரக்கவே. அந்தக் குரலில் மாடிப்புறாக்கள் எழுந்து பறந்தன.

இத்தோ ஒரே மூச்சில் குடித்தாள். கசப்பில் முகம் சுளித்தாள், குவளையைத் திருப்பிக் கொடுத்தாள், பிறகுதான் அழுதாள். குழந்தை போன நாளிலிருந்து அடக்கிவைத்த அழுகை. பத்தூல் அவள் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. அன்று கொடியில் பதினோரு துணிகள் காய்ந்தன. அதற்கடுத்த நாள் ஆறு. பிறகு இரண்டு. அதன் பின்னொரு காலையில் வழக்கம்போல வாளியைத் தூக்கிக்கொண்டு மாடியேறிய பத்தூல், வாளிக்குள் காயப்போட ஒன்றுமில்லை என்பதை மேலே வந்த பிறகே கண்டாள். வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. வெறும் கொடியைப் பிடித்துக்கொண்டு, கீழே இத்தோ எழுந்து முகம் கழுவும் ஓசை கேட்கும் வரையில், அவள் அங்கேயே நின்றாள்.